தாரா துரத்தினால் அது எந்தக் கோளாறு?

1. தொட்டிக்குப் பின்னால் நின்றவர்

கணேசலிங்கம் அண்ணை எங்கள் கிளினிக்குக்கு முதன்முதல் வந்த அன்று வெளியே தெருவில் ஒரு கார் ஹோர்ன் அடித்தது. அவ்வளவுதான். ஐம்பது வயதைத் தாண்டிய, நல்ல உயரமான அந்த மனிதர் கதிரையை விட்டுப் பாய்ந்து எழுந்து, வரவேற்பறைப் பூந்தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அந்தச் செடி அவருடைய முழங்கால் உயரம்கூட இல்லை.

"ஒண்டுமில்லையப்பா, அது கார். வாங்கோ," என்று அவருடைய மனைவி ரஞ்சி அக்கா கையைப் பிடித்துக் கூட்டி வந்து இருத்தினார். பிறகு என்னைப் பார்த்து, "தங்கச்சி, இவருக்கு ட்ரௌமா. நான் இன்டர்நெட்டில பாத்தனான். எல்லாம் அச்சொட்டாப் பொருந்துது. நீங்கள் ஒருக்கா எழுதித் தந்தால் சரி," என்றார்.

ஜெர்மன் நகரமான பீலெஃபெல்டில், அதிர்ச்சியாலும் மன அழுத்தத்தாலும் வரும் கோளாறுகளைப் பார்க்கும் கிளினிக் ஒன்றில் நான் உளவியலாளராக வேலை செய்கிறேன். தமிழ் பேசும் ஆட்கள் வந்தால் என்னிடம்தான் அனுப்புவார்கள். இப்போது உளவியல் படிக்கும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் இங்கே பயிற்சிக்கு வருகிறார்கள். வந்தவுடன் கேட்பது, "அக்கா, பே-டே-பே-எஸ் எண்டு எப்பிடி முடிவெடுக்கிறது?" என்பதுதான். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாற்றுக்கு ஜெர்மன்காரர் வைத்திருக்கும் சுருக்கப் பெயர் அது.

அதற்குரிய அறிகுறிப் பட்டியலைச் சொல்வது சுலபம். நடந்த சம்பவம் உயிரை உலுக்கும் அளவுக்குப் பயங்கரமானதாக இருக்க வேண்டும். அது இப்போதும் நடப்பதுபோலக் கனவிலோ நினைவிலோ திரும்ப வர வேண்டும். அதை ஞாபகப்படுத்தும் இடத்தையும் பேச்சையும் ஆள் தவிர்க்க வேண்டும். ஆபத்து இன்னும் பக்கத்தில்தான் நிற்கிறது என்று உடம்பு சும்மா சும்மா திடுக்கிட வேண்டும். இது சில வாரங்களாவது நீடித்து வேலையையும் வீட்டையும் குழப்ப வேண்டும்.

சொல்வது சுலபம். கணேசலிங்கம் அண்ணையிடம் அதை வைத்துப் பார்க்க நாங்கள் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2. "யார் இந்தத் தாரா?"

முதல் டெர்மினில் (நேரம் குறித்த சந்திப்புக்கு இங்கே அந்தப் பெயர்) எங்கள் தலைமை மருத்துவர் டொக்டர் ஹோல்ஸ்மானும் கூட இருந்தார். நல்ல பெண்மணி. அகதியாக வந்த தமிழர் பலருக்கு வைத்தியம் செய்தவர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்தே பாதி விளங்கிவிடும் என்று நம்புகிறவர். அவர் ஜெர்மனில் சொன்னதையெல்லாம் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.

அண்ணை தமிழில் கதைக்கத் தொடங்கினார். "தாரா வந்தது, தங்கச்சி. நான் குனிஞ்சு நிண்டனான். பின்னால வந்து தாரா காற்சட்டையில பிடிச்சிட்டுது. நான் ஓட, தாராவும் ஓடி வருது. இப்பவும் கண்ணை மூடினால் தாராதான்." நெற்றி வியர்த்தது.

நான் மொழிபெயர்க்க வாய் திறப்பதற்குள் டொக்டர் ஹோல்ஸ்மான் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "யார் இந்தத் தாரா? முந்தின மனுசியோ?"

"இல்லை, டொக்டர். வாத்து."

"வாத்து?"

"பெரிய வாத்து. எங்கட ஆக்கள் தாரா எண்டு சொல்லுவினம்."

அவர் தன் குறிப்பில் எதையோ வெட்டினார். எட்டிப் பார்த்தேன். 'தாரா, குடும்ப வன்முறை?' என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

நடந்தது இதுதான். அண்ணை ஒரு முதியோர் இல்லத்தில் ஹவுஸ்மைஸ்டர். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அவருக்கு உயிர் அங்கே பின்பக்கத்தில் இருக்கும் தோட்டம். ரோசாவெல்லாம் அவர் வைத்தது. தோட்டத்தில் ஒரு சின்னக் குளமும் உண்டு. இளவேனிலில் அந்தக் குளத்துக்கு ஒரு சோடி நைல் வாத்து வந்து கூடு கட்டியது. அண்ணை ரோசாவுக்குக் கிளை வெட்டிக்கொண்டிருந்தபோது அதில் ஒன்று துரத்தி, அவர் சேற்றில் விழுந்து, கண்ணாடி குளத்துக்குள் போய், எழுந்து "அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடியிருக்கிறார். அது பின்னேரக் கோப்பி நேரம். இல்லத்து முதியவர்கள் எல்லோரும் பல்கனியில் கேக்குடன் இருந்தார்கள். கைதட்டினார்கள்.

அன்றிலிருந்து கனவு. ஹோர்ன் சத்தம் கேட்டால், வாத்துக் கத்துவதுபோல இருக்கிறது என்று திடுக்கிடுவது. வேலைக்குப் போகும்போது எந்தக் குளத்தையும் பார்க்காமல் ஊரைச் சுற்றிப் போவது. தோட்டத்துக்குள் காலே வைப்பதில்லை. ரோசாவெல்லாம் காடாகிவிட்டது. இல்ல நிர்வாகி தன்மையாகத்தான் சொன்னாராம்: தோட்டம் ஏலாது என்றால் கீழே நிலவறையில் துணி துவைக்கும் இடத்தில் வேலை தரலாம், தோட்டத்துக்கு வேறு ஆளைப் பார்க்கலாம்.

அதைச் சொல்லும்போதுதான் அண்ணை அழுதார்.

3. மேலால வருவதும் கீழால வருவதும்

"இது வாத்து இல்லை," என்றார் டொக்டர் ஹோல்ஸ்மான், அவர்கள் போன பிறகு. "இந்த மனுசன் ஊரில நடந்த சண்டைக்குள்ளால வந்தவர். வாத்து வெறும் தூண்டல். செட்டை அடிக்கிற சத்தம் ஹெலிகொப்டரை ஞாபகப்படுத்துது. தங்கியிருந்து சிகிச்சை எடுக்க அனுப்புவம்."

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அப்படி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அதை எழுதினால் அண்ணை பல வாரம் வேறு ஊரில் தங்கி, தான் கேட்காத ஒன்றுக்கு வைத்தியம் எடுக்க வேண்டும். அதற்கிடையில் தோட்டம் வேறு ஆளுக்குப் போய்விடும். "ஒருக்கா அவரையே கேப்பம், டொக்டர்," என்றேன்.

அடுத்த முறை கேட்டேன். "அண்ணை, சண்டை நேரத்தில நடந்ததுகள் கனவில வாறதோ?"

"எப்பவாவது வரும். எழும்பித் தண்ணி குடிச்சிட்டுப் படுப்பன்."

"அதைப் பற்றிக் கதைக்கக் கஷ்டமோ?"

"ஏன் கஷ்டம்? பிள்ளையளுக்கு எல்லாம் சொல்லியிருக்கிறன். பங்கருக்குள்ள இருந்தது, இடம்பெயர்ந்தது, என்ர தம்பியை இழந்தது. சொல்லேக்க அழுகை வரும். சொல்லி முடிய எல்லாரும் ஒண்டா இருந்து சாப்பிடுவம்." கொஞ்சம் யோசித்தார். "தாராவைப் பற்றிக் கதைச்சால் எனக்குச் சோறு இறங்காது."

நான் மொழிபெயர்த்தேன். டொக்டர் விடவில்லை. "அந்தச் செட்டைச் சத்தம் ஹெலிகொப்டர் மாதிரிக் கேக்கேல்லையோ எண்டு கேளுங்கோ."

அண்ணை டொக்டரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஹெலி மேலால வாறது. இது கீழால வருது. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"பயம் ஒரே மாதிரி இல்லையோ?"

"இல்லை, டொக்டர். ஹெலிக்கு என்னை ஆரெண்டு தெரியாது. எல்லாருக்கும் அடிச்சது. இந்தத் தாராவுக்கு என்னைத் தெரியும். பத்துப் பேர் நிண்டாலும் என்னைத்தான் பாக்குது."

ரஞ்சி அக்கா தலையாட்டினார். "ஓம், டொக்டர். நானும் போய்ப் பாத்தனான். அது உண்மை."

டொக்டர் ஹோல்ஸ்மான் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். நல்ல மருத்துவர் என்று அவரைச் சொல்வது இதனால்தான். தன் கருத்து பிழைத்தால் சிரிக்கத் தெரியும். "சரி. இது வாத்துதான்," என்றார்.

பிறகு நாங்கள் இருவரும் ஒழுங்காக இருந்து பார்த்தோம். கனவு உண்டு, தவிர்ப்பு உண்டு, திடுக்கிடல் உண்டு, வேலை குழம்பியது உண்டு. ஆனால் சம்பவம் உயிரை உலுக்கும் வகையைச் சேர்ந்ததல்ல. கடைசியில் பே-டே-பே-எஸ் இல்லை, ஒரு குறிப்பிட்ட பொருளின் மீதான பயம், ஃபோபியா, என்று எழுதினோம். ரஞ்சி அக்காவுக்குப் பெரிய ஏமாற்றம்.

"அப்ப ட்ரௌமா இல்லையோ? நான் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொல்லிப்போட்டனே."

"ஃபோபியாவும் நோய்தான், அக்கா. இது கெதியாச் சுகப்படுத்தக்கூடிய நோய்."

"பேர் கொஞ்சம் சின்னதா இருக்கு," என்றார்.

4. படம், சத்தம், குளம்

இந்தப் பயத்துக்கு வைத்தியம் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கிப் போவது. முதலில் வாத்துப் படம் காட்டினேன். அண்ணை கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். அது செல்லாது என்று சொல்லித் திரும்பப் போட வைத்தேன். அடுத்தது சத்தம். கணினியில் வாத்துக் கத்த விட்டபோது பக்கத்து அறையிலிருந்து ஒரு சக ஊழியர் ஓடி வந்து, சன்னலால் ஏதும் பறவை உள்ளே வந்துவிட்டதா என்று கேட்டார். சில வாரத்தில் அண்ணை வாத்துச் சத்தத்துக்கு நடுவே தேத்தண்ணி குடித்தார். அதற்குப் பிறகு குளம்.

"நானும் வாறன்," என்றார் டொக்டர் ஹோல்ஸ்மான். "அந்தத் தாராவை எனக்குப் பாக்க வேணும்."

நான் அண்ணைக்குப் பழக்கியிருந்தது இவ்வளவுதான்: ஓடக் கூடாது, முதுகைக் காட்டக் கூடாது, கையை அகல விரித்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் வர வேண்டும். டொக்டருக்கு இதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் தலைமை மருத்துவர்.

நாங்கள் தோட்டத்துக்குள் போனபோது பல்கனியில் எல்லோரும் கேக்குடன் தயாராக இருந்தார்கள். செய்தி எப்படியோ பரவியிருந்தது. வாத்து குளக்கரையில் நின்று எங்களைப் பார்த்தது. அண்ணை மூச்சை ஆழமாக இழுத்து ஓரடி வைத்தார். இன்னோரடி வைத்தார். அவருக்கு முன்னால் போய் டொக்டர் ஹோல்ஸ்மான் குனிந்து, "அட, எவ்வளவு வடிவு!" என்றார்.

வாத்து கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு வந்தது.

டொக்டர் ஓடினார். முதுகைக் காட்டி, நேராக, கோட்டு பறக்க ஓடினார். வாத்து பின்னால் போனது. அவர் தோட்டத்தில் ஆட்கள் இருக்கும் மர வாங்கின் மேல் ஏறி நின்று, "கணேஷ்! ஹெர் கணேஷ்!" என்று அந்த நேரத்திலும் ஜெர்மன் மரியாதை சேர்த்துக் கத்தினார். நான் ரோசாவுக்குப் பின்னால் நின்றேன். என் தொழில் அனுபவம் அந்த நேரத்தில் வேறு எதையும் சொல்லித் தரவில்லை.

கணேசலிங்கம் அண்ணை போனார். முகம் வெளிறித்தான் இருந்தது. இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு வாத்துக்கும் வாங்குக்கும் நடுவே போய் நின்றார். "போ," என்றார் தமிழில். "காணும். போ." வாத்து சீறியது. அவர் நகரவில்லை. அது கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக் குளத்துக்குள் இறங்கியது.

பல்கனியில் எழுந்து நின்று கைதட்டினார்கள். இந்த முறை அண்ணை தலை குனியாமல், தோளைத் தட்டிவிட்டுக்கொண்டு, டொக்டருக்குக் கை கொடுத்து வாங்கிலிருந்து இறக்கினார்.

5. தலைமை மருத்துவரின் டெர்மின்

மறுநாள் கோப்பி இயந்திரம் சீறிக்கொண்டு ஆவி விட்டபோது டொக்டர் ஹோல்ஸ்மான் கோப்பையைக் கீழே போட்டார். பிறகு என் அறைக் கதவைத் தட்டினார்.

"கனவு வந்தது," என்றார். "பூங்கா வழியா வர ஏலாமல் பஸ்சில வந்தனான். திடுக்கிடுறன். என்னைக் கொஞ்சம் பாருங்கோ."

நான் இருத்தி, எல்லாம் முறைப்படி கேட்டேன். "இது உடனடி அழுத்தத்தின் விளைவு, டொக்டர். பட்டியலின்படி இது நோயே இல்லை. சில நாளில தன்பாட்டில போயிடும்."

"நோயே இல்லையோ?" என்றார். ரஞ்சி அக்காவின் முகத்தில் கண்ட அதே ஏமாற்றம். "ஆனா எனக்கு உண்மையாப் பயமா இருக்கு."

"பயம் உண்மைதான். நோய்தான் இல்லை."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதைத்தான் நான் இவ்வளவு காலம் மற்ற ஆக்களுக்குச் சொல்லிக்கொண்டு இருந்தனானோ? கேக்க நல்லாவே இல்லை," என்றார். இப்போதெல்லாம் அவர் நோயாளிகளிடம் அதைச் சொல்லும்போது கூடவே ஒரு தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுக்கிறார்.

சில நாளில் அவருக்குப் பயம் போய்விட்டது. அண்ணை தோட்டத்துக்குத் திரும்பிவிட்டார், நிலவறைக்குப் போகவில்லை. கடைசி டெர்மினுக்கு ஒரு கட்டு ரோசாவுடன் வந்தவர் போகும்போது கதவடியில் நின்று கேட்டார்.

"தங்கச்சி, அந்தத் தாரா இப்ப குஞ்சு பொரிச்சிருக்கு. ஆர் கிட்டப் போனாலும் திடுக்கிடுது. நித்திரையே கொள்ளுறேல்லை. கூட்டுப் பக்கம் ஒரு ஆளையும் விடுறேல்லை. அதுக்கும் ஏதும் கோளாறோ?"

"இல்லை, அண்ணை. அது தாய்."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டுப் போனார். குஞ்சுகள் ஏறி இறங்கக் குளத்தில் ஒரு பலகை அடித்துக் கொடுத்திருக்கிறார் என்று பிறகு ரஞ்சி அக்கா சொன்னார்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். பட்டியலை மனப்பாடம் செய்யுங்கள், அது தேவை. ஆனால் என்ன நடந்தது என்று கேட்ட பிறகு, பதிலை நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள். ஆள் தாரா என்று சொன்னால், தாரா என்று எழுதுங்கள்.