ஜிப் வைத்த ஸ்வெட்டரும் பழுப்புக் கொழுப்பும்

எங்கள் வீட்டில் விதிகளை மதிக்கிறவர் என் கணவர். படியில் நிற்காதீர் என்று எழுதியிருந்தால் காலி பஸ்ஸிலும் உள்ளே போய்த்தான் நிற்பார். அதனால், ஸ்கேனுக்கு வரும்போது உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும் என்னைச் சோதனை போட ஆரம்பித்துவிட்டார். தோடு, மூக்குத்தி, வளையல், புடவையில் குத்தியிருந்த பின் எல்லாம் கழன்றன. கடைசியில் என்னிடம் இருந்த ஒரே ஸ்வெட்டரிடம் வந்து நின்றார்.

"இதுல ஜிப்பு இருக்குது பாரு."

"அங்க போய் கழட்டிக்கிறேங்க."

"வேணாம்மா. அங்க போயி எதுக்கு வம்பு? இங்கயே வெச்சிட்டு வா."

அந்த வருடம் எனக்குக் கழுத்தில் கட்டி வந்தது. நிணநீர்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் என்றார்கள். மாதக்கணக்கில் மருந்து ஏற்றி முடித்து, அப்போதுதான் தலையில் முடி பூனைக்குட்டி ரோமம் மாதிரி முளைத்திருந்தது. நோய் போய்விட்டதா, இல்லையா என்று அந்த ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். போயிருந்தால் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் இதைவிடப் பெரிய வைத்தியம், ஆஸ்பத்திரியிலேயே படுக்கை. என் மகள் யூகேஜி படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு யார் தலை வாரிவிடுவது என்பதைத் தாண்டி என்னால் யோசிக்க முடிந்ததில்லை. அதற்கு அந்தப் பக்கம் யோசிக்கப் பயம்.

பெங்களூரின் டிசம்பர் காலையில், மெல்லிய பருத்திப் புடவையோடு, தொம்மலூரிலிருந்து ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போனேன். ஸ்கேன் எடுக்கும் பெண் கையில் ஊசி போட்டுவிட்டு விளக்கினாள். உள்ளே போவது கொஞ்சம் கதிர்வீச்சு சேர்த்த சர்க்கரை. புற்றுநோய்க்குச் சர்க்கரை என்றால் பெரும்பசி. எங்கே அதிகம் இழுக்கிறதோ, அந்த இடம் படத்தில் ஒளிரும். "ஆடாம, பேசாம படுத்துக்கோங்க மேடம், நான் வந்து கூப்பிடறேன்" என்று ஓர் அறையில் விட்டுப் போனாள். அறையில் ஏசி ஊதிக்கொண்டிருந்தது. பற்கள் கிட்டின. போர்வை கேட்கலாம்தான். ஆனால் கேட்பதும் பேசுவதில் சேர்த்திதானே என்று சும்மா இருந்துவிட்டேன். அவரோடு குடும்பம் நடத்தி எனக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கொண்டது.

ரிசல்ட்டுக்குப் போன அன்று டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கழுத்தின் இரண்டு பக்கமும், தோளுக்கு மேலும், முதுகெலும்பு ஓரமாகவும், கல்யாண வீட்டில் சீரியல் பல்பு போட்டதுபோல எரிந்துகொண்டிருந்தேன். முதலில் ஒரு பக்கம்தானே கட்டி இருந்தது? இப்போது இரண்டு பக்கமுமா?

அவர் படத்தையே பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு சிக்காபட்டே குளிர் இல்ல?" என்றார். கன்னடத்துக்காரர். எங்களுக்காகத் தமிழ் பேசுவார், நடுவில் கன்னடம் வந்து விழும். சிக்காபட்டே என்றால் ரொம்ப. கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் வெதர் பேசுகிறார் என்றே நினைத்தேன்.

"எப்படி வந்தீங்க?"

"ஸ்கூட்டர்ல, மேடம்."

"ஸ்வெட்டர் போட்டிருந்தீங்களா?"

நான் கணவரைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

பழுப்புக் கொழுப்பு என்ற ஒன்றை அன்றுதான் கேள்விப்பட்டேன். தொப்பையில் சேரும் வெள்ளைக் கொழுப்பு சேமித்து வைக்கும், இது செலவழிக்கும். பிறந்த குழந்தைக்குக் குளிரில் நடுங்கத் தெரியாது, அதன் முதுகில் இருக்கும் இந்தக் கொழுப்புதான் எரிந்து சூடு தரும். வளர வளரக் குறைந்துவிடும். சிலருக்கு, அதுவும் என்னைப் போல ஒல்லியான பெண்களுக்கு, கழுத்திலும் தோளிலும் மிச்சம் இருக்கும். குளிர் பட்டால் அதுவும் சர்க்கரையை இழுக்கும்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு. அதுனால இதுதான்னு நினைக்கிறேன். ஆனா சும்மா நினைச்சு உங்கள வீட்டுக்கு அனுப்ப முடியாது. கட்டியும் இழுக்கும், இதுவும் இழுக்கும், மிஷினுக்கு வித்தியாசம் தெரியாது. உடம்ப சூடா வெச்சுக்கிட்டு அடுத்த வாரம் வாங்க. மறுபடி எடுக்கலாம்."

அந்த வாரத்தை எப்படித் தள்ளினேன் என்று சொல்ல முடியாது. கண்ணாடி முன்னால் நின்று, தோள்பட்டைக் குழியை விரலால் அழுத்தி அழுத்திச் சிவக்க வைத்தேன். எதுவும் தட்டுப்படாவிட்டால், ஆழத்தில் இருக்கிறதோ என்று பயம். ஏதோ தட்டுப்பட்டால் அது என் எலும்பு. குளிரில் என்னைக் காப்பாற்றப் பார்த்த கொழுப்பா, கொல்ல வந்ததா என்று தெரியாமல் இரண்டின் மேலும் ஆத்திரம் வந்தது. ஸ்கூல் விட்டு வந்த மகள், "கழுத்துல இன்னும் வலிக்குதாம்மா?" என்று கேட்டபோது, கொசு கடித்தது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கணவர் வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, என் ஸ்வெட்டரின் ஜிப்பைப் பிளேடால் பிரித்தெடுத்து, பிளாஸ்டிக் பொத்தான் தைத்தார். சட்டைக்குப் பொத்தான் போடவே என்னைக் கூப்பிடுகிற மனிதர். ஒன்றுக்கொன்று நேராக இல்லை. பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. இந்தப் பொத்தானை அன்றைக்கே தைத்திருக்கலாமே!

இரண்டாம் முறை ஆட்டோவில் போனோம். அந்த ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை, காதை மூடிய குல்லாய். ஊசி போட்ட பெண்ணிடம் முதல் வேலையாகப் போர்வை கேட்டேன். இரண்டு கொடுத்தாள். உள்ளே வியர்த்து ஊற்றியது. வியர்க்க வியர்க்கப் பயம் கூடியது. இப்போது குளிர் இல்லை. இனி ஒளிர்ந்தால் சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

மறுநாள் டாக்டரம்மா திரையைத் திருப்பினார். கழுத்து இருட்டாக இருந்தது. தோளும் இருட்டு. "ஏனூ இல்லம்மா. சுத்தமா இருக்கு" என்றார். நான் சிரித்தேனாம். கணவர்தான் அழுதார், அதுவும் சத்தமாக. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

திரும்பும்போது அல்சூர் ஏரிப் பக்கம் ஆட்டோவுக்குள் சில்லென்று காற்று வந்தது. ஸ்வெட்டரின் கோணல் பொத்தான்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன்.

"என்னடி பண்ற? குளுருது, போடு."

"இருக்கட்டுங்க. எரியட்டும்."

கொஞ்ச தூரம் போனதும் அவர் கையை நீட்டி, என் தோள்பட்டைக் குழியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வீடு வரும்வரை எடுக்கவில்லை.