வியாழக்கிழமைத் தண்ணீர்

பவுனுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. காய்காரனின் தராசுத் தட்டை அடியில் தடவிப் பார்த்த பிறகுதான் வெங்காயம் வாங்குவாள். கியாஸ் சிலிண்டர் வந்தால் தூக்கி ஆட்டிப் பார்ப்பாள். விழுப்புரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி புனேயை ஒட்டிய போசரிக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் தன்னை ஏமாற்றியவர் ஒருவரும் இல்லை என்பது அவள் கட்சி.

அப்படிப்பட்டவளின் வீட்டுக்குப் பின்னால் ஓடும் நாலா என்கிற சாக்கடைக் கால்வாயில், 2004இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படித்தவர்கள் பத்துப் பேர் கையுறை மாட்டிக்கொண்டு குப்பை அள்ள இறங்கினால் சும்மா இருப்பாளா? கூலி வாங்காமல் சாக்கடையில் கை வைக்கிறவன் உலகத்தில் உண்டா? கரையோர வீடுகளைக் காலி பண்ண வந்த கூட்டம் என்று முடிவு கட்டினாள். உளவு பார்ப்பதற்காகவே அவளும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். பதினோரு ஞாயிறு ஆயிற்று. பிளாஸ்டிக் பையும் பழைய டயரும் அள்ளியதுதான் மிச்சம். ஒரு குட்டும் வெளிப்படவில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட.

அவர்களில் தமிழ் பேசுகிறவள் ஸ்ரீரஞ்சனி ஒருத்திதான். பேங்க் உத்தியோகம், பிறந்ததிலிருந்தே புனே. வாராவாரம் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்கு அனுப்புவாள்.

"ரிப்போர்ட்ல விஷம்னு ஒண்ணுமே வரல பவுனம்மா. ஆனா தவளையெல்லாம் செத்துப் போறது. எப்படின்னே புரியல."

"தவள சாவறது வெள்ளிக்கிழம. நீங்க வர்றது ஞாயித்துக்கிழம," என்றாள் பவுன். "ஒங்களுக்குதான் ஞாயிறு ச்சுட்டி, லீவு. போசரி கம்பெனிங்களுக்கு வியாழக்கிழமதான் ச்சுட்டி. அன்னைக்கி ரோட்டுல ஆள் கெடையாது. திருட்டுத்தனமா கழிவத் தொறந்து வுடறவன் எப்ப வுடுவான்?"

ஸ்ரீரஞ்சனி ஒரு காலி பாட்டிலை அவளிடமே கொடுத்து, வியாழக்கிழமை போய்ப் பார்க்கச் சொன்னாள்.

வியாழக்கிழமை என்றாலே பவுனுக்கு வேறொரு வயிற்றெரிச்சலும் உண்டு. அவள் புருஷன் கலியனுக்கு முலாம் பூசும் கம்பெனியில் வேலை. இரண்டு வருஷமாக விடுமுறை நாளிலும் ஓவர்டைம் என்று கிளம்பிவிடுகிறான். பக்கத்துத் தாபோடியில் எவளோ இருக்கிறாள் என்று அவளுக்குச் சந்தேகம். அவன் கழற்றிப் போடும் சட்டையை முகர்ந்து பார்ப்பாள். பூ வாசனை இருக்காது, மூக்கைக் குத்துகிற புளித்த நெடிதான் இருக்கும்.

அந்த வியாழன் காலை நாலாக் கரையோடு ஓட்டத்துக்கு எதிராக நடந்தாள். ஒரு கம்பெனி மதிலின் அடியில் குழாயிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதே புளித்த நெடி. மதில் இடிந்திருந்த இடத்தில் எட்டிப் பார்த்தாள். உள்ளே வால்வைப் பிடித்துக்கொண்டு நின்றவன் கலியன்.

தாபோடியில் எவளும் இல்லை என்று ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் அவன் திறந்துவிடுவது எதை என்று உறைத்தது. அவன் பார்ப்பதற்குள் பாட்டிலை நிரப்பிக்கொண்டு திரும்பினாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன், மூலையில் இருந்த மஞ்சள் பாட்டிலைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"மொதலாளி தொறக்கச் சொல்றான், தொறக்கறேன். என் பேரு வெளிய வந்துச்சின்னா மொதல்ல போறது என் வேலதான். பொண்ணு பத்தாவது படிக்குது, பாத்துக்க."

"மழ பேஞ்சா அந்தத் தண்ணியில கால வச்சிதான் அதுவும் ஸ்கூலுக்குப் போவுது," என்றாள் பவுன். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போய் ஸ்ரீரஞ்சனியிடம் கொடுத்தாள். எந்த மதில், எந்தக் குழாய் என்று எல்லாம் சொன்னாள். ஸ்ரீரஞ்சனி நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டாள்:

"திறந்து விட்டது யாருன்னு பார்த்தீங்களா?"

"மொகம் தெரியல மேடம்."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். பவுனாக இருந்தால் இவ்வளவில் விட்டிருப்பாளா? எவ்வளவு தூரத்தில் நின்றாய், அவன் எந்தப் பக்கம் திரும்பியிருந்தான் என்று குடைந்திருப்பாள். இன்னொரு தரம் கேட்டால் கலியன் பெயர் வாயிலிருந்து வந்துவிடும் என்று அவளுக்கே பயமாக இருந்தது.

ஸ்ரீரஞ்சனி கேட்கவில்லை. "முகம் தெரியவில்லை" என்று எழுதி நோட்டை மூடினாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் பவுனம்மா."

பவுனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன்னை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்றே பதினெட்டு வருஷத்தை ஓட்டியவள். தன்னை ஒருத்தி இப்படி நம்பிவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு, ஸ்ரீரஞ்சனியின் முகத்தைப் பார்க்காமல், தண்ணீரில் இறங்கினாள்.