இருமல் கொப்பியும் பிரஷர் கொப்பியும்

யுத்தகாலத்துத் திருகோணமலையில், விவாத மேடைகளில் வென்ற கேடயங்களைத் தவிர வேறு சொத்தில்லாத எனக்கு ஆஸ்பத்திரியொன்றில் தற்காலிக வேலை கிடைத்தது. கிளினிக் நோயாளர் வைத்திருக்கும் மருத்துவக் குறிப்பேடுகளான கொப்பிகளைப் புதிதாக வந்த கணினியில் பதிய வேண்டும்; ஒருவரே இருமுறை பதிவாகியிருந்தால் ஒன்றை அழிக்க வேண்டும். மின்சாரம் இருக்கும் நேரங்களில் நான் பேரரசன்.

சோதனைச் சாவடிகளின் புண்ணியத்தில், தன் அடையாள அட்டை இலக்கம் மனப்பாடமாகாத மனிதர் ஊரில் இல்லை. கொப்பி அட்டைகளிலும் அதையே எழுதியிருந்தார்கள். அந்த இலக்கத்தைக் கொண்டு தேடியபோது இரட்டைப் பதிவுகள் குவிந்தன. நான் முதலில் அழிக்கப் போனது, சந்தைப் பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரின் பதிவு. அவரோ வெளியே வாங்கில் அமர்ந்து இருமிக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு ஏன் ரெண்டு கொப்பி?”

“ஒரு வருத்தத்துக்கு ஒரு கொப்பி தம்பி. பிரஷர் கொப்பிய இருமல் டொக்டரிட்டக் காட்டினா அவருக்குக் குழம்பும்தானே?” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “பாங்குக்கு நடுவில இருமல் வருது. நோன்புக்கு முன்ன சுகமாகாட்டி வேற ஆளைப் போடப் போறாங்க.”

ஊரே அப்படித்தான் வைத்திருந்தது! அழிக்கப் போன விரலை இழுத்துக்கொண்டேன். ஒவ்வொருவரின் இரு கொப்பிகளையும் திரையில் இணைத்தேன். இருமல்காரரில் பலர் விழுங்கியது ஒரே வகைப் பிரஷர் மாத்திரை. கதிரையைத் தள்ளிவிட்டு இருமல் கிளினிக்குக்கு ஓடினேன்.

“டொக்டர்! ஆதாரங்களோடு உரைக்கிறேன், குற்றவாளி அந்த மாத்திரையே!”

“அந்த மாத்திரைக்கு இருமல் வாறது தெரிஞ்ச விஷயம்தான் தம்பி,” என்றார் அவர், சிரிப்பை அடக்கியபடி. “ஆனா இவையள் அதைப் போடுறாங்கள் எண்டு எனக்கு ஆர் சொன்னது? சரி, மாத்திரைக்கு முந்தியே இருமினவை ஆர்? மாத்திரை போட்டும் இருமாதவை ஆர்? பாத்திட்டு வாங்கோ.”

எந்த எதிரணியும் என்னை இப்படி மடக்கியதில்லை. மூன்று நாள் திகதிகளோடு மல்லுக்கட்டினேன். சுருட்டுக் குடித்து இருமியோர் சிலர் என் பட்டியலை விட்டு விலகினர். அதே மாத்திரையோடு சுகமாக இருந்தோரும் அகப்பட்டனர். மோதினாரோ பட்டியலை விட்டு அசையவில்லை. மாத்திரை தொடங்கிய பின்னரே அவருடைய இருமல் கொப்பியின் முதற்பக்கம் தொடங்கியிருந்தது.

டொக்டர் சொல்லி, பிரஷர் கிளினிக்கில் மாத்திரையை மாற்றினார்கள். நாலாம் வாரம், நோன்புக்கு இரு தினங்கள் இருக்க, நண்பகலில் சந்தைக்குப் போய் நின்றேன். ஒலிபெருக்கி கரகரத்தது. வழமையாக இருமல் வரும் இடம் வந்தது, மூச்சைப் பிடித்தேன். குரல் அதைத் தாண்டி வழுக்கிச் சென்று முழுமையாய் முடிந்தது. என்னை அறியாமல் கைதட்டிவிட்டேன்.

வாழைப்பழ வியாபாரி திடுக்கிட்டார். “பாங்குக்கு ஆரும் கை தட்டுவாங்களா தம்பி?”

“பிழைதான் அண்ணை, மன்னியுங்கோ. நோன்புக்கு வேற ஆளா?”

“ஏன் வேற ஆள்? இவருக்கு என்ன குறை?”

கைகள் இரண்டையும் காற்சட்டைப் பைக்குள் திணித்தேன். அங்கும் அவை அடங்கவில்லை.