தவமணிக்கு மைனஸ் பத்து

தவமணி போய்விட்டாள்.

ஒரு வாரக் காய்ச்சலாம். ஹைதராபாத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தும் முடியவில்லை. நேற்று வெள்ளிமலைக்குப் பக்கத்தில் அவள் ஊரிலேயே அடக்கம் பண்ணினார்கள்... நானும் போயிருந்தேன்.

காலையிலிருந்து ஃபேஸ்புக் முழுக்க அவள் போட்டோதான். எங்கள் எம்.பார்ம் பேட்ச், சீனியர், ஜூனியர், லேப் அட்டெண்டர் வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். என் கல்யாண போட்டோவுக்குக்கூட இத்தனை பேர் வரவில்லை.

ஆமாம், பொறாமைதான். செத்தவள் மேல் என்ன பொறாமை என்று கேட்பவர்கள் தாராளமாக இந்தப் பதிவைத் தாண்டிப் போகலாம். உயிரோடு இருந்தபோது பட்டது, இன்றைக்கு மட்டும் எங்கே போய்விடும்?

நான் எலவனாசூர்கோட்டை. அப்பாவுக்குக் கிணற்றோடு நிலம், கரும்பு, நெல். எனக்கு டியூஷன் வைத்தே படிக்க வைத்தார். அவள் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து, கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவள். டியூஷன் வாசலையே மிதிக்காதவள். ஆனால் எந்தப் பரீட்சையானாலும் அவள் ஃபர்ஸ்ட், நான் செகண்ட்.

வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

தினமும் காலையில் காலேஜுக்குப் போக, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சேலம் பஸ் நுழையும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகக் கர்சீப் போடுவாள். இரண்டு சீட்டு, இரண்டு கர்சீப். எனக்காகவே பையில் இன்னொன்று வைத்திருப்பாள்.

எங்கள் ஊர் பஸ் எப்போதும் லேட். நான் வியர்த்து வழிய வந்து, ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லாமல் ஜன்னலோரம் உட்காருவேன்.

இரண்டாம் வருஷம் புராஜெக்ட். மருந்து வடிவமைப்பு. நோய்க்குக் காரணமான புரோட்டீனைக் கம்ப்யூட்டரில் இறக்கி, அதிலிருக்கும் ஒரு பள்ளத்தில் நாம் வரைந்த மாலிக்யூல் எவ்வளவு கெட்டியாக உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். டாக்கிங் என்போம்.

அதற்கு ஸ்கோர் மைனஸில் வரும். மைனஸ் ஜாஸ்தியானால் நல்லது... அப்படி ஒரு படிப்பு.

எனக்கு மைனஸ் எட்டு வந்தது. அவள் இருபது மாலிக்யூல் வரைந்தும் மைனஸ் நாலைத் தாண்டவில்லை. பொய் சொல்ல மாட்டேன், அந்த நாட்களில் எனக்கு நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூக்கம் வந்தது.

ஒருநாள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று ஸ்கிரீனைப் பார்த்தேன். பார்த்ததும் புரிந்துவிட்டது. அந்தப் புரோட்டீன் இறங்கும்போதே பள்ளத்தில் வேறொரு மருந்தோடுதான் வரும். முதலில் அதை அழிக்க வேண்டும். தவமணி அழிக்க மறந்திருந்தாள். பாவம், அவள் மாலிக்யூல்கள் எல்லாம் உள்ளே இடமில்லாமல் வெளியே ஒட்டிக்கொண்டு நின்றன.

ஒரு வார்த்தை சொன்னால் பத்து நிமிஷ வேலை. சொல்லவில்லை. சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்து லேபே அதிரும்படி ஒரு சத்தம்.

"அடியே! ஏற்கெனவே ஆளு குந்திக்கினு கீற சீட்ல நான் கர்சீப் போட்டுக்கினு இருந்திருக்கேன்டி!"

அழித்துவிட்டு மறுபடி ஓட்டினாள். மைனஸ் பத்து.

அதோடு விட்டாளா? என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உன்னுதயும் காட்டு, ஒருவாட்டி பாத்துடலாம்" என்றாள். வரைந்ததை லேபிலும் செய்து காட்ட வேண்டும். நான் லேபில் தயாரித்த மாலிக்யூலில் குளோரின் ஓரிடத்தில் இருந்தது, கம்ப்யூட்டரில் வரைந்ததில் வேறிடத்தில்.

"செஞ்சது ஒண்ணு, வரைஞ்சது ஒண்ணு. வைவால கேட்டா இன்னாடி சொல்லுவ?"

அவளே திருத்திக் கொடுத்தாள். என் மைனஸ் எட்டு மைனஸ் ஏழானது. அதற்கும் அவள் மேல்தான் கோபம் வந்தது.

வைவாவில், வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் முதலில் கை வைத்தது அந்தக் குளோரினில்தான். தப்பித்தேன்.

அவளுக்கு ஹைதராபாத்தில் ஒரு மருந்து கம்பெனியின் ரிசர்ச் லேபில் வேலை கிடைத்தது. நான் இங்கேயே டி.பார்ம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அவள் போடும் லேப் போட்டோ எதற்கும் நான் லைக் போட்டதில்லை.

போன தையில் திருக்கோவிலூரில் என் தம்பி கல்யாணம். வந்திருந்தாள். பந்தியில் பக்கத்துச் சீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"அன்னிக்கு என் பின்னாடி நின்னு சிரிச்ச இல்ல... ஸ்கிரீன்ல உன் மூஞ்சி தெரிஞ்சுதுடி. அதப் பாத்துதான் எங்கியோ தப்பு கீதுன்னு தேட ஆரம்பிச்சேன்."

நான் அவள் பக்கம் திரும்பினேன். "தெரிஞ்சுமா என்னுதத் திருத்திக் குடுத்த?"

"கூட வர்றவள நிக்க வெச்சிட்டு நான் மட்டும் குந்திக்கினு போறதா? போடி..." என்று அப்பளத்தை நொறுக்கினாள்.

சாரி சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாயசம் வந்துவிட்டது.

அந்தப் பெரிய மனசு இருக்கிறதே... மார்க்கைவிட, வேலையைவிட, அதன் மேல்தான் எனக்கு ரொம்பப் பொறாமை.

நேற்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "நீதானாம்மா அந்த எலவனாசூர் பொண்ணு? உன்னாண்ட தோத்துடக் கூடாதுன்னுதான் கண்ணு முழிச்சிப் படிச்சேன்னு சொல்லிக்கினே இருப்பா."

என்னிடமாம். தோற்றுவிடக் கூடாதாம்.

போ தவமணி. இதிலும் முந்திக்கொண்டாய்.

எனக்குக் கர்சீப் போட்டு வைக்காதே. நான் நின்றுகொண்டே வருகிறேன்.