எல்லா ஐஎன்ஜிக்கும் போட்ட கோடு

என் மகள் இங்கிலீஷ் நோட்டில் ஜெரண்டுகளைக் கண்டுபிடித்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்கேலில் பென்சில் உரசும் சத்தம் கேட்டதும் எனக்கு எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது, பிள்ளைகளா.

வினைச்சொல் ஐஎன்ஜி சேர்ந்து பெயர்ச்சொல்லின் வேலையைப் பார்த்தால் அது ஜெரண்ட். 'ஸ்விம்மிங் இஸ் குட்' என்பதில் வரும் ஸ்விம்மிங் மாதிரி. அன்று எனக்கு அது புரியவில்லை. கண்ணில் பட்ட ஐஎன்ஜிக்கெல்லாம் கோடு போட்டேன். வாத்தியார் அப்பாவைக் கூட்டிவரச் சொல்லிவிட்டார். "இன்னொரு தடவ கூப்பிட்டா, படிப்ப நிப்பாட்டிட்டு எங்கூட மலைக்கு வந்துரு" என்று, மலையில் ஏலக்காய் பறிக்கும் வேலை பார்த்த அப்பா முன்பே சொல்லியிருந்தார்.

மறுநாள் அப்பா குரங்கணியிலிருந்து வரும் ஜீப்பில் போடிக்கு வந்து இறங்கி, நேரே பள்ளிக்கூடம் வந்தார். சட்டையெல்லாம் ஏலக்காய் வாசனை. வாத்தியார் நோட்டை நீட்டி, "எல்லாத்துக்கும் கோடு போட்டிருக்கான். பாதிதான் சரி" என்றார்.

இங்கிலீஷ் தெரியாத அப்பா சிரித்துவிட்டார்.

"முத்துன காயோட பிஞ்சையும் சேத்துப் பறிச்சுட்டான் சார். மலைக்குப் புதுசா வர்ற எல்லாரும் செய்யிறதுதான். வேலை வாங்குற கங்காணி ஏசுவாரு, ஆனா யாரையும் திருப்பி அனுப்ப மாட்டாரு. ரெண்டு சுத்து பறிச்சா கை பழகிரும்."

"அப்ப எங்கிட்டயும் ரெண்டு சுத்து வரட்டும்ணே" என்று வாத்தியாரும் சிரித்தார். என்னைச் சாயங்காலம் இருந்து படித்துவிட்டுப் போகச் சொன்னார்.

மலைக்குக் கிளம்பத் துணிமணியை எடுக்கச் சொல்வாரோ என்று நான் அப்பாவையே பார்த்து நின்றேன். "என்னப்பு முழிக்கிற? வெரசா வகுப்புக்குப் போ. எனக்குச் சோலி கெடக்கு" என்றார்.

வகுப்பு ஜன்னல் வழியே, ஜீப்பில் அவர் மட்டும் ஏறிப் போனதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. இதை எழுதும்போதும் நெஞ்சு லேசாகிறது.