வெள்ளைச் சாம்பல்

இன்று மகளுக்குச் சோறு கொண்டுபோனேன். ஆய்வுக்கூடத்தில் எல்லார் முன்னாலும் அவளுடைய சார் அவளை வைதுகொண்டிருந்தார்.

உமிச்சாம்பலிலிருந்து ஜியோலைட் என்று ஒரு தூள் செய்கிறாள். பழைய எண்ணெயை டீசலாக்க அது வினையூக்கியாம். நான்கு மாத வேலை. சோதித்துப் பார்த்தால் ஜியோலைட்டே உருவாகவில்லை.

"சாம்பல் ரொம்பச் சூட்டுல வெந்து மணலாட்டம் இறுகிட்டு. எப்படிக் கரையும்? மில்லுல கிடக்கத அப்படியேதான கொண்டாரச் சொன்னேன்?"

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"என் தப்புதான் சார்."

தப்பு என்னுடையது. எங்கள் ஊர் முக்கூடல் அரிசி மில்லில் சாம்பல் கறுப்பாகக் கிடந்தது. படிக்கிற காரியமாச்சே, திருநீறு போல வெள்ளையாக இருக்கட்டும் என்று செங்கல் சூளை அண்ணாச்சியிடம் மறுபடி சுட்டு வாங்கி, பிள்ளையார் முன் வைத்துக் கும்பிட்டு அவளிடம் கொடுத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளிடம் கேட்டேன்.

"ஏளா, எம்பேரச் சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா, அம்ம தந்தத அப்படியே போடவா ஆராய்ச்சிக்கு வந்தன்னு அதுக்கும் வைவாரு. விடும்மா."

முக்கூடலில் இறங்கினோம். சோறு அப்படியே தூக்குவாளியில் இருந்தது.

எங்கள் மில்லில் கிடந்ததையெல்லாம் சுட்டாயிற்று. உங்கள் ஊர் மில்லில் கறுத்த சாம்பல் கிடந்தால் சொல்லுங்கள். இந்தத் தடவை கும்பிடாமல் எடுத்து வருகிறேன்.