பத்தடி தூரம்

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம், எங்கள் வீட்டில் அடிபடாமலே எல்லோருக்கும் கட்டு விழுந்தது.

அப்பா குன்னூரில் போக்குவரத்துப் போலீஸ். சீசன் வந்துவிட்டால், கீழேயிருந்து ஏறிவரும் கார்களோடு காலை முதல் இருட்டும்வரை நடுரோட்டில் நின்று மல்லுக்கட்டுவார். மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்தால் ஆம்புலன்ஸ் வளைந்து வளைந்து வந்து சேர நேரமாகும். அதற்கு முன்னால் போய் நிற்பது பெரும்பாலும் போலீஸ்காரர்கள்தான். அதனால் அவர்களுக்கு மூன்று நாள் முதலுதவிப் பயிற்சி கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் எந்தப் பரீட்சையிலும் முதலாவதாக வராத அப்பா, இதில் வந்துவிட்டார். அன்றோடு எங்கள் நிம்மதி போயிற்று.

டூட்டி முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் முக்கோணத் துணியும் கையுமாக ஆள் தேடுவார். கைக்குக் கிடைத்தவர்களுக்கெல்லாம் எலும்பு முறிந்தது. அம்மா ஒரு நாள் வலது கை கழுத்தோடு தொங்க, இடது கையால் ரசத்தைக் கலக்கிக்கொண்டு நின்றாள்.

“ஏனுங்க, இந்தக் கட்ட அவுத்துட்டீங்கன்னா நானு தாளிச்சுப் போடுவனுங்க” என்றாள்.

“பத்து நிமிஷம் இருக்கோணும். இறுகுதா என்னன்னு பாக்கோணுமல்லோ” என்றார் அப்பா. அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத் தாளிக்காத ரசம்தான்.

இந்த விளையாட்டில் நான்தான் அப்பாவுக்கு ராசியான நோயாளி. கூச்சம் வராது, சிரிக்க மாட்டேன், எவ்வளவு நேரம் என்றாலும் கட்டை மாதிரி கிடப்பேன். அதனால் சாலைப் பாதுகாப்பு வாரத்துக்கு எங்கள் பள்ளிக்கே அவர் செய்துகாட்ட வந்தபோது, என்னையே தேர்ந்தெடுத்தார். மைதானத்தில் எங்கள் வகுப்பில் மூன்று பேர் விழுந்து கிடக்க வேண்டும். இரண்டு பேர் ‘அய்யோ அம்மா’ என்று கத்த வேண்டும். நான் மட்டும் கண்ணை மூடிப் பேசாமல் கிடக்க வேண்டும்.

அப்பா ஓடி வந்தார். கத்திய இரண்டு பேரையும் தாண்டி நேராக என்னிடம் வந்து மண்டியிட்டார். என் மூக்கருகே கையை வைத்துப் பார்த்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: “கத்தறவங்களுக்கு மூச்சு இருக்குது, அவங்க கொஞ்சம் பொறுப்பாங்க. சத்தமில்லாம கெடக்கறவங்களத்தான் மொதல்ல பாக்கோணும்.” டீச்சர்கள் கை தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவைத் தன்னிடம் வரவைக்க ஒருத்தி என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த மாதம் எமரால்டு என்ற மலைக்கிராமத்தில் சொந்தக்காரர் வீட்டில் காதுகுத்து. அம்மா முதல் நாளே பஸ்ஸில் போய்விட்டாள். அப்பா கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் லீவு வாங்கி, என்னை பைக்கில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். என் தலையில் ஒரு சின்ன ஹெல்மெட். போலீஸ்காரர் மகள் தப்ப முடியாது. பரிசாகக் கொடுக்க வாங்கிய புது வேட்டி ஒரு பையில் என் மடியில் இருந்தது. விடிகாலை மழையில் ரோடு நனைந்திருந்தது. இரண்டு பக்கமும் தேயிலை. எமரால்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தார்.

ஒரு வளைவில் எதிரே கேரட் மூட்டை ஏற்றிய பிக்கப் வண்டி வந்தது. வழுக்கியது. எங்களை இடித்துத் தள்ளிவிட்டு மண்மேட்டில் மோதிச் சாய்ந்தது. இதெல்லாம் அப்பா பிறகு சொன்னது; எனக்குத் தெரிந்தது, நான் ரோட்டோரத்துப் புல்லில் கிடந்தேன், இடது மணிக்கட்டு உயிர் போகிற மாதிரி வலித்தது, என்னைச் சுற்றிலும் கேரட் உருண்டுகொண்டிருந்தது என்பதுதான். நான் வாய்விட்டு அழுதேன்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். முதலில் என்னைத்தான் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். ஓட்டிவந்தவர் கதவோடு வெளியே சரிந்து கிடந்தார். ஒல்லியான ஆள். சத்தமே இல்லை. கண்ணாடியோ தகரமோ தொடையைக் கிழித்து, பேண்ட் முழுக்க ரத்தம். அப்பா ஓடி வந்து, என்னிடம்தான் வருகிறார் என்று நான் நல்ல கையை நீட்டினால், என் பக்கத்தில் கிடந்த பையிலிருந்து புது வேட்டியை உருவிக்கொண்டு அந்த ஆளிடம் போய்விட்டார். போகும்போது ஒன்று சொன்னார்.

“அழுவு கண்ணு. நிறுத்தாத. நல்லா அழுவு.”

உலகத்தில் எந்த அப்பாவாவது இப்படிச் சொல்வாரா? வேட்டியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, இரண்டு கையாலும் தன் எடை முழுவதையும் போட்டு அமுக்கினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நான் கொஞ்சம் அடங்கினால் “அழுவு சாமி” என்பார். நான் அழுதேன். அவர் வரவில்லை. எங்களுக்கு நடுவே பத்தடிகூட இருக்காது.

அப்போதுதான் எனக்கு மைதானம் ஞாபகம் வந்தது. கத்துகிறவள் பொறுத்துக்கொள்வாள் என்றுதானே என்னைத் தாண்டிப் போனார். அழுகையை அப்படியே விழுங்கினேன். கண்ணை மூடினேன். மூச்சையும் முடிந்தவரை பிடித்துக்கொண்டு, பள்ளியில் கிடந்ததைவிட நன்றாகவே கிடந்தேன்.

“அம்முணி” என்றார் அப்பா. நான் பேசவில்லை. “அம்முணி, அழுவு சாமி. ஏதாச்சும் பேசு.” மூன்றாவது முறை அவர் கூப்பிட்ட குரல் எனக்குத் தெரியாத குரல். நடுரோட்டில் லாரிகளை நிறுத்துகிற அந்தத் தொண்டையிலிருந்து அப்படி ஒரு மெல்லிய சத்தம் வரும் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

வருகிறாரா என்று ஒரு கண்ணை இமைக்குள்ளாக லேசாகத் திறந்து பார்த்தேன். கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. ஒரு காலை ஊன்றி எழப் போனார். கை கொஞ்சம் தளர்ந்திருக்க வேண்டும். வேட்டியின் விளிம்பில் சிவப்பு குபுகுபுவென்று ஏறியது. அவர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் மண்டியிட்டு, தலையைக் குனிந்துகொண்டு அமுக்கினார். அந்த முழங்கால் ரோட்டில் திரும்ப ஊன்றியது இன்றும் என் கண்ணிலேயே நிற்கிறது. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம் மட்டும்தான்.

சத்தம் கேட்டு மேலே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் இறங்கி வந்தார்கள். அப்பா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “அம்மா, ஆம்புலன்சுக்கு போன் போடுங்க. யாராச்சும் அந்தப் புள்ளகிட்டப் போங்க. மூக்குகிட்டக் கைய வெச்சு மூச்சு இருக்குதான்னு பாருங்க. தூக்கிறாதீங்க, மூச்சு மட்டும் பாருங்க.”

ஒரு அம்மா என் பக்கத்தில் குந்தினார். பச்சை இலை வாசனையடிக்கிற விரல் மூக்கருகே வந்தது. எவ்வளவு நேரம்தான் மூச்சை அடக்குவது? விட்டேன். இமையும் துடித்துவிட்டது.

“புள்ள நல்லாத்தான் இருக்கு ஐயா” என்றார் அவர். “கண்ண மூடிக்கிட்டு கள்ளம் பண்ணுது.”

அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரித்தாரா, என்னவென்று தெரியவில்லை. முதுகு குலுங்கியது. அப்போதும் எழுந்து வரவில்லை. ஆம்புலன்ஸ் வந்து, அதிலிருந்தவர் தன் கையை அப்பாவின் கைக்கு அடியில் கொடுத்து வாங்கிக்கொள்ளும்வரை அப்படியே இருந்தார். அதற்குப் பிறகு வந்தார். என் மணிக்கட்டுக்கு அட்டை வைத்துக் கட்டினார். வீட்டில் ஆயிரம் முறை கட்டிய கட்டு. அன்றைக்கு முடிச்சு போட நாலு தடவை தவறியது. இத்தனை பயிற்சி எடுத்தும் வரவில்லையே என்று நான் இளக்காரமாக நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் எனக்கு மாவுக்கட்டு போட்டார்கள். பட்டுச்சேலையோடு ஓடிவந்த அம்மா அழுது முடித்து, எனக்குப் பால் வாங்கப் போனாள். டாக்டர் எட்டிப் பார்த்து, அந்த டிரைவர் பிழைத்துக்கொண்டார் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா தலையாட்டினார். அதையும் என் கோபத்தோடு சேர்த்துக்கொண்டேன்.

“ஏனுங்கப்பா நீங்க எங்கிட்ட வரல?” என்று கேட்டேன்.

“வர முடியல கண்ணு.”

“நான் பேசாமத்தான கெடந்தேன்.”

“ஆமா சாமி. பாத்தேன்” என்றார்.

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அவர் காலில் ஒரு அடியும் இல்லை. காலையிலிருந்து ஆஸ்பத்திரி முழுக்க நடந்துகொண்டுதான் இருந்தார். பத்தடி வர முடியவில்லை என்றால் யார் நம்புவது? அப்பா பொய் சொல்கிறார், முன்பின் தெரியாத ஒருவரை என்னைவிட அவருக்குப் பிடித்துவிட்டது என்று முடிவு செய்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன்.

அவர் கையை என் முதுகில் வைத்தார். தட்டிக் கொடுக்கவில்லை, தடவவில்லை. சும்மா வைத்திருந்தார். நான் மூச்சு இழுக்கும்போது அந்தக் கை என்னோடு ஏறியது, விடும்போது இறங்கியது. எதற்காக ஒரு மனிதர் இப்படி ஒரு வேலையும் செய்யாமல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று எனக்குப் புரியவே இல்லை.

“கைய எடுங்கப்பா, பாரமா இருக்குது” என்றேன்.

அவர் எடுக்கவில்லை.